சங்கு ஊதாத நாட்கள்

பாடம் முடிந்தும் சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை.

ஆனைகட்டி போகிற சாலையில், நெல்லி மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மாதேஸ்வரி அம்மா தர்ம சாஸ்திரம் சொல்லித் தருவார். அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு வடக்கே போய் ஆறு வருடம் படித்துவிட்டு வந்தவர்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்பது. கோயம்புத்தூரில் தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை அவருடையது. அவர் உள்ளே நுழைந்தால் நூற்றுப்பத்துப் பேர் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர் இங்கே வந்தால் தரையில் சம்மணம் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதிக்கொள்வார். மூன்று வருடமாக இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கேட்டதைத் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் சூடு ஆறாமல் பரிமாறிவிடுவார் என்பது ஒன்றுதான் அவரிடம் சிக்கல்.

மற்றவர்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"என்னுங்க, இன்னைக்கு நோட்டே திறக்கலையே?" என்றார் அம்மா.

"மனசு சரியில்லீங்கம்மா. தர்ம சங்கடமா இருக்குது."

"சொல்லுங்க."

"சத்தியம் தவறின ஆளை வேலையில வச்சிருக்கறது தர்மமுங்களா?"

"ஆளு யாருங்க?"

"மயிலாத்தாள்னு ஒரு அம்மா. பத்தொன்பது வருசமா இருக்கறாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. வேலையை விட்டு எடுத்தர்றதுன்னு முடிவு பண்ணியாச்சு. ஆனா ரெண்டு நாளாச் சோறு இறங்கலீங்க."

தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாற்பது பம்புகள் திரும்பி வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. மோட்டாருக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிற சீல் என்ற ரப்பர் வளையத்தில் பிசிறு. பம்புகள் நின்று, காய்கிற வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாமல் போன விவசாயிகள், அவற்றை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலிலேயே இறக்கிவைத்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் சென்னியப்பனை அதிகமாகச் சுட்டது. விசாரித்தபோது மயிலாத்தாள் உட்காருகிற மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது.

"டப்பா நிறைய சீலுங்க. எண்ணினா முந்நூத்திச் சொச்சம். அத்தனையும் பிசிறு. ஒன்றரை மாசமா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. கயித்தை இழுக்கலை. மறைச்சுட்டாங்க."

கயிற்றைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பம்பு பூட்டுகிற வரிசை நெடுக, தலைக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு ஓடுகிறது. எங்கேயாவது தப்புத் தெரிந்தால் யார் வேண்டுமானாலும், கூட்டிப் பெருக்குகிறவர்கூட, அதைப் பிடித்து இழுக்கலாம். வரிசை அப்படியே நின்றுவிடும். ஒலிபெருக்கி அலறும். மற்ற தொழிற்சாலைகளில் மணி அடிக்கும். சென்னியப்பன் மங்களகரமாக இருக்கட்டும் என்று சங்கு நாதம் வைத்தார். கயிறு கட்டிய திறப்பு விழாவன்று ஊதியதோடு சரி, பிறகு பத்து மாதமாக அது ஊதவே இல்லை.

அவருக்கு அதில் பெருமை. கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டி, 'சங்கு ஊதாத நாட்கள்' என்று எழுதி, ஞாயிறு நீங்கலாகத் தினமும் காலையில் எண்ணை மாற்றச் சொன்னார். நூறாவது நாள் எல்லோருக்கும் மைசூர்பாகு. இருநூறாவது நாள் தலைவாழை இலையில் விருந்து. அந்தப் பந்தியிலேயே, இருநூற்றைம்பதாவது நாள் பெண்களுக்குச் சேலை, ஆண்களுக்கு வேட்டி சட்டை என்று அறிவித்தார். கைதட்டல் கூரையைத் தொட்டது. கயிற்றை இழுக்கிறவர் பெயரைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாசிப்பதாகவும் ஏற்பாடு இருந்தது. பாராட்டத்தான் என்று சொல்லியிருந்தார். இழுத்தால் அது தனக்குத் தானே சங்கு ஊதிக்கொள்வதுதான் என்று கேன்டீனில் பேசிக்கொண்டது மட்டும் அவர் காதுக்கு வரவில்லை.

அம்மா சற்று யோசித்தார்.

"அந்த முந்நூறு பம்புக்கு அவங்க எந்த சீலை மாட்டினாங்க?"

விசாரணைக் குழுவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

"நல்லதாப் பார்த்து எடுத்துத்தான் மாட்டியிருப்பாங்க. திரும்பி வந்த நாப்பதும் ரெண்டாவது ஷிப்டு பம்புங்க. இவங்க முதல் ஷிப்டு."

"ம்."

"ஆனாலும் சொல்லலையேம்மா. தெரிஞ்சும் சொல்லாதது சத்தியம் தவறினதுதானுங்களே. இவங்களை விட்டா நாளைக்கு ஒருத்தரும் உண்மை பேச மாட்டாங்க. தண்டிக்க வேண்டிய இடத்துல தண்டிக்காத தலைவன் அதர்மம் பண்றான்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"சொன்னேன்."

"அப்ப உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, நானும் நிம்மதியா முடிச்சிருவேன்."

அம்மா எழுந்து பாயைச் சுருட்டினார்.

"நாளைக்குக் காலையில எனக்கு அங்க ஒரு வேலை போட்டுக் குடுங்க."

"ஏனுங்கம்மா?"

"நர்ஸு வேலையை விட்டதுல இருந்து கை சும்மாவே இருக்குது."

மறுநாள் காலை ஏழரைக்கு அம்மா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். சென்னியப்பன் வாசலில் மாலையோடு நின்றார். அம்மா அதை வாங்கி கேட் அருகே இருந்த பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு உள்ளே நடந்தார்.

சுவர் முழுக்கப் பலகைகள், தங்க நிற எழுத்தில். மனத்தூய்மை, தானம், அகிம்சை, சத்தியம், கோபமின்மை, பொறுமை. அம்மா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார்.

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்த வரிசைதானுங்க," என்றார் சென்னியப்பன். எவ்வளவு அடக்கினாலும் குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.

"வரிசையில முதல்ல ஒண்ணு இருக்குமே?"

"அபயமுங்களா?"

"அதுதான்."

"அது சாமி கை தூக்கிக் குடுக்கறதுங்க. அஞ்சாதேன்னு சொல்றதுக்கு நான் யாருங்க? அதனால ரெண்டாவதுல இருந்து எழுதச் சொல்லிட்டேன்."

அம்மா மேலே போட்டுக்கொள்ள ஒரு கோட்டும் தலைக்குத் தொப்பியும் கேட்டார்.

"எங்க உட்காரட்டுங்க?"

"உங்களுக்கு எங்க வசதியோ அங்க."

அம்மா நேராகப் போய் மயிலாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மயிலாத்தாளுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினோரு மணி வரை வேலை செய்யச் சொல்லியிருந்ததால் செய்துகொண்டிருந்தார். அழுது வீங்கிய கண். முதலாளியின் குருவே பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நடுங்கிப்போய் எழுந்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்ததைச் சென்னியப்பன் மாடியிலிருந்த கண்ணாடி அறையிலிருந்து பார்த்தார். பேசியது கேட்கவில்லை. வேலை சொல்லிக்கொடுக்கிறார் என்பது தெரிந்தது. வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்று, விரலில் தட்டினால் அது ஆகாது, தட்டாவிட்டால் பூட்டு. அவ்வளவுதான் வேலை. அம்மா மெதுவாகச் செய்தார். மயிலாத்தாள் தன் பங்கையும் செய்து, அம்மாவிடம் தேங்கியதையும் செய்தார்.

சென்னியப்பன் விசாரணைக் காகிதங்களைப் புரட்டினார். கீழே பலகையில் 249 தொங்கியது. நாளைக்குச் சேலை மூட்டைகள் வந்துவிடும். இந்த ஒரு கசப்பை மட்டும் இன்றைக்கு விழுங்கிவிட்டால் நாளை நல்ல நாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்குச் சங்கு ஊதியது.

முதலில் அவருக்கு என்ன சத்தம் என்றே புரியவில்லை. புரிந்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது. ஒரே ஒரு நாள். இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி. செருப்புகூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார்.

அவருக்கு முன்பே மேற்பார்வையாளர் குழந்தைவேலு வந்துவிட்டார். "யாரு இழுத்தது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவருக்குப் பின்னால் தர சோதனைப் பிரிவிலிருந்து இருவர். "யாருங்க இழுத்தது?" ஸ்டோரிலிருந்து ஒருவர், ஆபீஸிலிருந்து இருவர், அவர்களும் அதையேதான் கேட்டார்கள். சங்குச் சத்தத்தையும் மீறி ஏழாவதாக ஒரு குரல் கட்டடம் அதிரக் கத்தியது.

"எவன்யா இழுத்தது?"

அது சென்னியப்பனின் குரல்.

வரிசையில் இருந்த அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். யாரோ ஒருவர் தன் இரண்டு கையையும் மேசை மேல் எடுத்துவைத்து, நான் இல்லை என்பதுபோல் காட்டினார். மயிலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தானுங்க," என்றார் அம்மா.

சங்கு நின்றது.

குழந்தைவேலு சட்டென்று சிரித்தார். "அம்மாவுங்களா? நானும் பயந்தே போயிட்டேன். பரவாயில்லீங்க, கை தவறிப் பட்டிருக்கும். ஏப்பா, நம்பரை மாத்தாதீங்க, அம்மா இழுத்தது கணக்குல வராது. லைனை ஓட்டுங்க."

வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரிக்கப் போனார். அப்போதுதான் அம்மாவின் உள்ளங்கை விரிந்திருப்பதைப் பார்த்தார். அதில் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. ஏழு பேர் ஓடிவந்தார்கள். ஏழு பேரும் முகத்தைத்தான் தேடினார்கள், கையை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் வளையத்தை எடுத்துக் கட்டைவிரலில் மாட்டிச் சுற்றினார். தட்டியது.

"லைனை ஓட்டாதீங்க," என்றார்.

பிறகு மயிலாத்தாள் பக்கம் திரும்பினார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பத்து நாளாகியிருந்தது.

"மயிலாத்தா, இது எந்தப் பெட்டியில வந்தது?"

"நீலப் பெட்டிங்க."

"பிசிறு சீல் வந்த நீலப் பெட்டி ரெண்டையும் டப்பா கிடைச்ச அன்னைக்கே எடுத்தாச்சே."

"மூணுங்க. மூணாவது இந்தா இருக்குது."

"விசாரணையில இதைச் சொல்லலையே?"

"நீ ஏன் சொல்லலை, நீ ஏன் மறைச்சேன்னுதானுங்க கேட்டாங்க. எத்தனை பெட்டின்னு யாரும் கேக்கலீங்க."

குழந்தைவேலு கூரையைப் பார்த்தார்.

சென்னியப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மயிலாத்தாளுக்கு எதிரில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு ஏம்மா இழுக்கலை?"

மயிலாத்தாள் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுத்த வளையத்தை எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு இருநூத்திப் பன்னெண்டாவது நாளுங்கய்யா. இத்தனை பேர்த்து சேலையையும் துணிமணியையும் நான் ஒருத்தி எப்படீங்க பறிக்கறது? பின் வரிசையில இருக்கற தனத்தோட மகளுக்கு வளைகாப்பு. இந்தச் சேலையைத்தான் கட்டிட்டுப் போறதா இருந்தா. விரல்ல தட்டினதையெல்லாம் எடுத்து டப்பாவுல போட்டனுங்க. ரெண்டாவது ஷிப்டுக்காரங்ககிட்டயும் விரல் வச்சுப் பாருங்கடான்னு சொல்லிட்டுத்தான் போவேன். சில பேரு பார்த்தாங்க. சில பேரு பார்க்கலை போல."

"எங்கிட்டயாச்சும் வந்து சொல்லியிருக்கலாமே?"

"உங்ககிட்டயுங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். அதை எதிர்த்தும் சொல்லவில்லை, குத்தியும் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி ஒரு வழி இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்பதுபோல் கேட்டார். சென்னியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கயிறு எனக்கு எட்டுமுங்கய்யா. ரெண்டு மூணு தடவை கையைத் தூக்கிட்டேன். இழுத்துட்டு அப்புறம் எங்க போயி நிக்கறதுன்னுதான் தெரியலீங்க."

சென்னியப்பன் எழுந்து பலகையிடம் போனார். 2 என்ற தகட்டைக் கழற்றினார். பிறகு 4. பிறகு 9. நூற்றுப்பத்துப் பேர் பெருமூச்சு விட்டது அவர் முதுகுக்குக் கேட்டது.

"ஐயா, சேலை?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல். தனமாகத்தான் இருக்க வேண்டும்.

"துணி நாளைக்கு வந்துரும். எல்லாருக்கும் உண்டு. நாளுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

சிரிப்பு எழுந்தது. இந்தக் கட்டடத்தில் தன் எதிரில் வரிசை ஆட்கள் சத்தமாகச் சிரித்து அவர் கேட்டதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. குழந்தைவேலுவைக் கூப்பிட்டு, பலகையையே இறக்கிவிடச் சொன்னார்.

பதினோரு மணிக்கு விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள் ஃபைலோடு காத்திருந்தார்கள். ஃபைலை மூடிவைத்துவிட்டுக் கீழே வாருங்கள் என்று சென்னியப்பன் ஆள் அனுப்பினார். கீழே மயிலாத்தாள் ஒரு மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் கூட்டம். இரண்டாவது ஷிப்டு ஆட்களையும் முன்கூட்டியே வரவழைத்திருந்தார்கள். வளையத்தை விரலில் எப்படி மாட்டுவது, எவ்வளவு மெதுவாகச் சுற்றுவது, எந்த இடத்தில் ஏமாற்றும் என்று அவர் காட்டினார். முதலில் குரல் எழவில்லை. பத்து நிமிடத்தில், "அட, நகத்தைப் படாம வைங்க சார்," என்று தர சோதனை அதிகாரியையே அதட்டினார். அதிகாரி நகத்தை மடக்கிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் மூன்றாவது பெட்டியிலிருந்து போன பம்புகளைக் கிடங்கில் தேடிப் பிடித்துப் பிரித்தார்கள். அறுபத்து மூன்று. ஒன்றுகூட வாசலைத் தாண்டியிருக்கவில்லை. தாராபுரத்துக்காரர்களுக்குப் புது பம்போடு தானே நேரில் போய் வருவதாகச் சென்னியப்பன் சொன்னார். மயிலாத்தாளும் கூட வர வேண்டும் என்றார். "தோட்டமெல்லாம் பார்த்து நெம்ப நாளாச்சுங்க," என்று மயிலாத்தாள் உடனே சரி சொல்லிவிட்டார்.

அம்மா சாப்பாட்டு மணி வரை ஒரு வளையம் விடாமல் சுற்றிவிட்டு, கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். கார் வேண்டாம் என்றார். சென்னியப்பன் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. மூன்று நாளைக்குப் பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.

"இனிமேல் சங்கு ஊதினா, நானே கீழ வந்து, என்னாச்சுன்னு கேக்கறதா இருக்கேனுங்க. பேரை அப்புறமாக் கேட்டுக்கலாம். கூட்டத்துல பேர் வாசிக்கறதையும் நிறுத்திட்டேன்."

"நல்லதுங்க."

"சங்கையும் மாத்திடலாமுங்களா?"

"எதுக்கு? நல்லாத்தான் ஊதுது."

நிறுத்தத்தில் யாரும் இல்லை. தூரத்தில் பஸ் தெரிந்தது. சென்னியப்பன் அவசரமாகக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் மனசு ஆறலீங்கம்மா. பத்து மாசமா ஒரு திங்கக்கிழமை தவறாம சத்தியத்தைப் பத்திப் பேசியிருக்கேன். கேட்ட நூத்திப்பத்துப் பேர்ல ஒருத்தர்கூட உண்மையைச் சொல்லலையே. அத்தனை பேச்சும் வீணுங்களா?"

"யாரு அப்படிச் சொன்னது? அவங்க ஒரு நாள்கூடப் பொய் சொல்லலையே."

"எப்படீங்கம்மா?"

பஸ் வந்து நின்றது. அம்மா படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"உங்க கேள்வி யாரு இழுத்ததுங்கறதுதானுங்களே? பத்து மாசமா யாரும் இழுக்கலீங்க."